செக் திரும்பி வந்துடுச்சு, பேங்க்ல இருந்து பதில்தான் வரலை

இந்த தடவை மும்பை வாசகர்கள்கிட்ட இருந்துதான் கேள்வி குவிஞ்சிருக்கு, எல்லாம் செக் ரிட்டர்ன், இல்லைன்னா பேங்க்ல அலைக்கழிக்கறாங்கங்கற புலம்பல். ஒரே மாதிரி கேள்விகளை சேர்த்து எடுத்திருக்கேன். பேங்க் பேர், பார்ட்டி பேர் எல்லாம் எடுத்துட்டேன்.

அண்ணாச்சி, தோல் பை, பெல்ட் தைச்சு மொத்தமா சப்ளை பண்ணுதேன். டெல்லி கரோல் பாக்ல ஒரு பார்ட்டி ரொம்ப நாளா சரக்கு எடுக்காரு, இதுவரைக்கும் ஒழுங்காத்தான் இருந்தாரு. ஜூன் 10 தேதி போட்டு 1,85,000க்கு செக் குடுத்தாரு, போட்டா அக்கவுன்ட்ல பணம் இல்லன்னு திரும்பிட்டு. கேட்டா அடுத்த மாசம் போடுங்க, கண்டிப்பா பாஸ் ஆகும்ன்னாரு, நம்பி போட்டேன், ஜூலை 22ல மறுபடியும் ரிட்டர்ன். என் அக்கவுன்ட் ஊர்ல, திருநெல்வேலி பக்கத்து பிராஞ்ச்ல இருக்கு, செக்கை இங்க சயான் பிராஞ்ச்லதான் போட்டேன். செக் ஏன் திரும்பிச்சுன்னு எழுதித் தர்ற மெமோ கேட்டா சயான்ல ஹோம் பிராஞ்ச்ல கேளுங்கங்கான், ஊருக்கு போன் போட்டா செக் போட்ட எடத்துல கேளுங்கங்கான். ரிட்டர்ன் சார்ஜ் மட்டும் ரெண்டு தடவையும் கரெக்டா புடிச்சிட்டானுவ. கேஸ் போடணும்னா டெல்லிக்கு அலையணுமா?
(வாசகர், 90 அடி ரோடு, தாராவி)

டெல்லிக்குப் போக வேண்டாம் தம்பி. ஆனா இப்ப இருக்கற நிலைமையில மும்பையிலயும் போட முடியாது, திருநெல்வேலி பக்கம்தான் போடணும். ஊர்ல அக்கவுன்ட் வச்சுக்கிட்டு இங்க தொழில் பண்றவங்க நிறைய பேர் இதுலதான் மாட்டறாங்க. 2015ல சட்டத்தை திருத்துனதுல இருந்து, செக்கை நம்ம அக்கவுன்ட்ல கலெக்ஷனுக்கு போட்டிருந்தா, அந்த அக்கவுன்ட் எந்த பிராஞ்ச்ல இருக்கோ அந்த ஏரியா கோர்ட்லதான் 138 கேஸ், அதாவது செக் பவுன்ஸுக்கு 1881 செலாவணி முறிச் சட்டத்தோட 138வது பிரிவுல போடற கேஸ். செக்கை சயான்ல நீட்டுனாலும் சரி, கல்கத்தாவுல நீட்டுனாலும் சரி, ஹோம் பிராஞ்ச்ல குடுத்த மாதிரிதான் சட்டம் பாக்கும்.

ஆனா கோர்ட் எதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க, இந்த கேஸ்கள்ல நியாயம் யார் பக்கம்ங்கறதை விட தேதி யார் பக்கம்ங்கறதுதான் முக்கியம். செக் திரும்புன தகவல் கிடைச்சதுல இருந்து 30 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் போயிருக்கணும். மெமோ கைக்கு வந்த தேதியில இருந்து எண்ணிக்கலாம்னு சில பேர் சொல்வாங்க, உங்களுக்கு ஜூலை 22ஏ எஸ்எம்எஸ் வந்திருக்கும், ஸ்டேட்மென்ட்ல சார்ஜும் விழுந்திருக்கும், எதிர்பார்ட்டி வக்கீல் அதைத்தான் முதல்ல தூக்கிக் காட்டுவாரு. அதனால 22ல இருந்தே எண்ணுங்க, ஆகஸ்ட் 21 கடைசி நாள், இந்த இதழ் உங்க கைக்கு வர்றப்போ பத்து தேதி தாண்டியிருக்கும், உடனே கிளம்புங்க. நோட்டீஸ் கிடைச்சதுல இருந்து அவருக்கு 15 நாள் டைம், அதுக்குள்ள குடுக்கலைன்னா அதுக்கு மேல ஒரு மாசத்துக்குள்ள நீங்க கோர்ட்ல கம்ப்ளெயின்ட் போடணும்.

நோட்டீஸ்ல செக் நம்பர், தேதி, தொகை எல்லாம் செக்குல இருக்கற மாதிரியே இருக்கணும். வட்டி, சரக்கு பாக்கி, மன உளைச்சல்னு எல்லாத்தையும் ஒண்ணா கூட்டி ஒரு மொத்தத் தொகையை கேக்காதீங்க, செக் தொகை 1,85,000ன்னு தனியா தெளிவா இருக்கணும். தொகையை தப்பா டைப் பண்ணிட்டு அது எழுத்துப்பிழைதான்னு சொன்னதைக்கூட 2025ல சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கலை, கேஸே போச்சு. வக்கீல் வச்சு அனுப்பறது நல்லது. ஸ்பீட் போஸ்ட்ல போடுங்க, பழைய ரிஜிஸ்டர் தபால் 2025ல அதோட சேர்ந்துடுச்சு, ரசீதையும் டிராக்கிங் பிரின்ட் அவுட்டையும் பத்திரமா வைங்க. சரியான அட்ரஸுக்கு அனுப்பி அவர் வாங்க மறுத்தாலும் கிடைச்ச மாதிரிதான் கணக்கு.

இப்ப மெமோ விஷயம். இந்த ரெண்டு பிராஞ்ச்காரங்களும் பண்றது சுத்த அலட்சியம், வேற வார்த்தை இல்லை. நான் பேங்க்ல கிளியரிங்ல, அதான் செக்கை பாஸ் பண்ற செக்ஷன்ல உக்காந்திருந்த காலத்துல செக்கை மூட்டை கட்டி அனுப்பி, திரும்பறது மூட்டையா வந்து, யார் மேசையில எது இருக்குன்னு தேடறதுக்கே சாயங்காலம் ஆயிடும், அன்னைக்கு அந்த சாக்கு சொல்லியிருந்தா கூட மன்னிச்சிருக்கலாம். இப்ப செக் எங்கயும் பயணம் போறதில்லை, இமேஜ் மட்டும்தான் போகுது, ஒரிஜினல் நீங்க போட்ட பேங்க்கிட்டயேதான் இருக்கு. திரும்புன செக்கை தாமதம் இல்லாம, 24 மணி நேரத்துக்குள்ள கஸ்டமருக்கு அனுப்பணும்னு ரிசர்வ் பேங்க் விதியே இருக்கு. சயான் பிராஞ்ச்ல லெட்டரா எழுதிக் குடுங்க: செக் நம்பர், போட்ட தேதி, ரிட்டர்ன் ஆன தேதி, ஒரிஜினல் செக்கும் மெமோவும் வேணும், 138 நோட்டீஸுக்கு கடைசி நாள் ஆகஸ்ட் 21, தாமதத்தால எனக்கு நஷ்டம் வந்தா பேங்க்தான் பொறுப்பு. இந்த கடைசி வரியை எழுதுனா மேசையில வேகம் வரும், நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தவன், எனக்குத் தெரியும். ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல சீல், தேதி, கையெழுத்து வாங்குங்க. சீல் போட மாட்டேன்னா அங்க நின்னே அதை போட்டோ எடுத்து பேங்க்ல புகாரைப் பாக்கற நோடல் ஆபீசருக்கு ஈமெயில் தட்டுங்க.

இன்னொரு வழியும் இருக்கு. செக் தேதியில இருந்து மூணு மாசம் செல்லும், அதாவது செப்டம்பர் 9 வரைக்கும். உங்க பேர்லயே மும்பை பிராஞ்ச்ல வேற அக்கவுன்ட் இருந்தா அதுல இன்னொரு தடவை போடலாம், மறுபடி திரும்புனா புதுசா 30 நாள், கோர்ட்டும் மும்பைக்கே வந்துடும். திரும்பத் திரும்ப போட்டு கடைசி ரிட்டர்ன வச்சு கேஸ் போடலாம்னு 2012ல சுப்ரீம் கோர்ட் சொன்னதும் உங்க தொழில்ல வந்த வழக்குலதான், எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் கேஸ்னு வக்கீல்கிட்ட சொன்னா புரிஞ்சுக்குவாரு. அக்கவுன்ட் இல்லைன்னா இனிமே ஓபன் பண்ணி டைம் ஓட்டாதீங்க, ஊர்லயே போட்டு, விவரம் முழுக்க தெரிஞ்ச அண்ணனோ தம்பியோ இருந்தா பவர் குடுத்து நடத்தச் சொல்லுங்க, அதுக்கு இடம் இருக்கு.

ஒரு ஜாக்கிரதை. நோட்டீஸ் வாடை அடிச்சதும் இந்த மாதிரி பார்ட்டிங்க ஜிபேல ஒரு அம்பதாயிரம் தட்டிவிட்டு வாய அடைப்பாங்க. பணம் வந்தா சந்தோஷம்தான், ஆனா அப்படி வாங்கிட்டு அதே செக்கை முழுத் தொகைக்கு திரும்ப பேங்க்ல போட்டீங்கன்னா 138 நிக்காது, வாங்குனதை செக்குலயே எழுதி மீதிக்குத்தான் போடணும், 2022 தீர்ப்பு இது.

தண்டனைன்னு பாத்தா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா செக் தொகையில ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் வரலாம். கேஸ் நடக்கும்போதே 20 சதவீதம் வரைக்கும் இடைக்கால நஷ்டஈடு கேக்கவும் 2018ல இருந்து வழி இருக்கு. ஆனா நேரா சொல்றேன், கோர்ட் இழுக்கும். அவர் பழைய கஸ்டமர், இத்தனை நாள் ஒழுங்கா குடுத்தவர்ங்கறீங்க, நோட்டீஸ் போனதும் தவணை பேச வந்தா எழுத்துல வாங்கிட்டு பேசுங்க, ஆனா அந்த ஒரு மாச கெடுவை மட்டும் பேச்சுல விட்டுடாதீங்க. பில், டெலிவரி சலான், லாரி ரசீது, வாட்ஸ்அப்ல அவர் ‘அடுத்த மாசம் போடுங்க’ன்னது எல்லாத்தையும் எடுத்து வைங்க, அந்த மெசேஜ் ஒண்ணு போதும் கடன் இருக்குன்னு காட்ட.

சார் நமஸ்காரம். எனக்கு 71 வயசு. சொசைட்டி மெயின்டெனன்ஸுக்கு எப்பவும் போல 7,500க்கு செக் குடுத்தேன், அக்கவுன்ட்ல ஒரு லட்சத்துக்கு மேல பணம் இருக்கு, கையெழுத்து ஒத்துப்போகலைன்னு திருப்பிட்டா. நாப்பது வருஷமா அதே கையெழுத்துதான் போடறேன். சொசைட்டில லேட் ஃபீஸ் போட்டுட்டா, லிஃப்ட்ல பாக்கறவா எல்லாம் ஏதோ பணம் இல்லாதவ மாதிரி பாக்கறா. கஸ்டமர் கேர்ல ஒண்ணை அமுக்கு ரெண்டை அமுக்குன்னு சொல்லி, பாட்டு போட்டு, கடைசில லைன் கட். பிராஞ்ச்ல ஒரு பொண்ணு ஆப்ல கம்ப்ளெயின்ட் போடுங்கோ ஆன்ட்டிங்கறா. கேஸ் கீஸ் வருமா?
(வாசகி, செம்பூர்)

கேஸ் பயமே வேண்டாம்மா. கையெழுத்து வித்தியாசம்னு திரும்புனாலும் 138 வரலாம்னு 2012ல தீர்ப்பு இருக்குங்கறது உண்மை, ஆனா அது நோட்டீஸ் வந்தும் பணம் குடுக்காதவங்களுக்கு. நீங்க 7,500ஐ இன்னைக்கே வேற வழியில கட்டிட்டு ரசீது வாங்குங்க, அதோட அது முடிஞ்சுது. லேட் ஃபீஸையும் இப்ப கட்டிடுங்க, சண்டை சொசைட்டியோட இல்லை.

பேங்க்ல ரெண்டு விஷயம் கேளுங்க, வாயால கேக்காம எழுதிக் கேளுங்க. ஒண்ணு, திருப்புன செக்கோட இமேஜ். இன்னொண்ணு, அவங்க சிஸ்டத்துல இருக்கற உங்க மாதிரி கையெழுத்து. பழைய கார்டை ஸ்கேன் பண்ணி ஏத்துனப்போ பாதி மங்கிப் போனது எத்தனையோ நான் பாத்திருக்கேன், பொடியன் ஸ்கிரீன்ல ஒரு கோடு தெரியலைன்னா டிஃபர்ஸ்னு தட்டிட்டுப் போயிடுவான், போன் பண்ணி கேக்கணும்னு தோணாது. தப்பு அவங்க பக்கம்னா சார்ஜை திருப்பணும், கஸ்டமர் தப்பு இல்லாத ரிட்டர்னுக்கு சார்ஜ் புடிக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. பணம் இருந்தும் நியாயமில்லாம செக்கை திருப்புனா உங்களுக்கு வந்த நஷ்டத்தை பேங்க்தான் குடுக்கணும்னு 1881 சட்டத்துலயே 31வது பிரிவு இருக்கு, லேட் ஃபீஸையும் அந்தக் கணக்குல கேளுங்க.

இல்லை, கை கொஞ்சம் நடுங்குதுன்னா, அதுல கூச்சப்பட ஒண்ணும் இல்லைம்மா, புது கையெழுத்து குடுத்து மாத்திக்கலாம். 70 வயசு தாண்டினவங்களுக்கு வீட்டுக்கே வந்து செய்யற சேவை குடுக்கணும்னு 2017லயே ரிசர்வ் பேங்க் பேங்குகளுக்கு சொல்லியாச்சு, இதுக்கும் ஆளை அனுப்புங்கன்னு கேட்டுப் பாருங்க. ஆப் வேண்டாம்னா விடுங்க, ஆப்ல போடுங்கன்னு சொல்ற பொண்ணுகிட்ட பேப்பர்ல குடுத்து கம்ப்ளெயின்ட் நம்பர் மட்டும் வாங்குங்க, அந்த நம்பர் இல்லாம கஸ்டமர் கேர்ல பேசறதெல்லாம் காத்துல போறதுதான். 30 நாள்ல பதில் வரலை, இல்லை வந்த பதில் திருப்தி இல்லைன்னா ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம், பைசா செலவு இல்லை, வக்கீலும் வேண்டாம். சி.எம்.எஸ். டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன்ல பேரப்பிள்ளைகள் யாராவது போட்டுக் குடுப்பாங்க, விவரம் கேக்க 14448. ஆனா பேங்க்ல முதல்ல குடுத்ததுக்கு ஆதாரம் இல்லாம நேரா அங்க போனா தள்ளிடுவாங்க.

பிராஞ்ச் வாசல்ல இருக்கற டிராப் பாக்ஸ்ல 42,000 ரூபாய் செக் போட்டேன், கிரெடிட்டும் இல்லை ரிட்டர்னும் இல்லை. கேட்டா பாக்ஸ்ல அப்படி ஒரு செக்கே இல்லைங்கறாங்க. கவுன்ட்டர்ல குடுக்கப் போனப்போ, பாக்ஸ்ல போடுங்கன்னு விரட்டுனதே அவங்கதான். சிசிடிவி கேட்டா மேனேஜர் சிரிக்கறார்.
(வாசகர், சயான் கோலிவாடா)

சிரிக்கட்டும். முதல் வேலை, செக் குடுத்தவருக்கு இன்னைக்கே சொல்லி, அந்த செக்குக்கு பணம் குடுக்காதீங்கன்னு அவர் பேங்க்ல ஸ்டாப் பேமென்ட் போடச் சொல்லுங்க, அவர் ஸ்டேட்மென்ட்ல அந்த நம்பர் எங்கயாவது பாஸ் ஆயிருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க.

கவுன்ட்டர்ல செக் குடுத்து அக்னாலெட்ஜ்மென்ட் கேட்டா எந்த பிராஞ்சும் மறுக்கக் கூடாது. இது ரிசர்வ் பேங்க் விதி, டிராப் பாக்ஸ் மேலயே அப்படி எழுதி ஒட்டியிருக்கணும். ஒட்டியிருக்கான்னு ஒரு போட்டோ எடுங்க, இல்லைன்னா அதுவே உங்களுக்கு பாயின்ட். கிளியரிங்ல, வழியில செக் தொலைஞ்சா பேங்க் உடனே கஸ்டமருக்கு சொல்லணும், டூப்ளிகேட் வாங்கற செலவையும் அந்த தாமதத்துக்கு வட்டியையும் தரணும், ஆனா அவங்க கைக்கு வந்ததுங்கறதுக்கே உங்ககிட்ட சீட்டு இல்லையே, அதான் மேனேஜர் சிரிக்கறார். போட்ட தேதி, நேரம் எழுதி சிசிடிவி பதிவை அழிக்காம வைங்கன்னு லெட்டர் குடுங்க. புது செக் வந்தா கவுன்ட்டர்தான், பே-இன் ஸ்லிப்ல சீல் விழற வரைக்கும் நகராதீங்க, பின்னாடி க்யூல நிக்கறவர் முணுமுணுத்தாலும்.

ஏலச்சீட்டு எடுத்தப்போ அக்கா ஒருத்தங்ககிட்ட கையெழுத்து மட்டும் போட்டு வெத்து செக் குடுத்தேன். சீட்டு முக்கால்வாசி கட்டிட்டேன். இப்ப ஒரு சண்டையில, முழுத் தொகையை எழுதி பேங்க்ல போட்டுடுவேன்னு மிரட்டறாங்க. ஸ்டாப் பேமென்ட் குடுத்துட்டா தப்பிச்சுடலாம்ல?
(வாசகி, கோவண்டி)

தப்பிக்க முடியாது தங்கச்சி, ஸ்டாப் பேமென்ட்னு திரும்புனாலும் 138 வரும். வெத்து செக்குல நீங்களே இஷ்டப்பட்டு கையெழுத்து போட்டுக் குடுத்திருந்தா, எழுதுனது வேற ஆளுன்னு சொல்றது எடுபடாதுன்னு 2019ல தீர்ப்பு இருக்கு. கடனுக்குத்தான் குடுத்ததுன்னு கோர்ட் எடுத்துக்கிட்டு ஆரம்பிக்கும், இல்லைன்னு காட்ட வேண்டியது உங்க பொறுப்பு. அதனால கட்டுனதுக்கு கணக்கு சேருங்க, சீட்டு நோட்டு, ஜிபே, கூட சீட்டு போட்டவங்க சாட்சி. இவ்வளவு கட்டியாச்சு, பாக்கி இவ்வளவுதான், அந்த நம்பர் செக் ஜாமீனுக்கு குடுத்தது, திருப்பிக் குடுங்கன்னு அவங்களுக்கு இப்பவே ஒரு லெட்டர் ஸ்பீட் போஸ்ட்ல போகட்டும், அவங்க பேங்க்ல போடறதுக்கு முன்னாடி. பாக்கியை மாசா மாசம் ஜிபேலயே கட்டுங்க, ரொக்கம் வேண்டாம்.

பைக் லோன் ஈஎம்ஐ ஒரு மாசம் பவுன்ஸ், பேங்க்லயும் புடிச்சான், ஃபைனான்ஸ்லயும் புடிச்சான், ரெண்டு பேரும் புடிக்கலாமா? செக்கே குடுக்கலையே, இதுக்கும் கேஸ் வரும்னு போன்ல மிரட்டறான்.
(வாசகர், ஆன்டாப் ஹில்)

ரெண்டு பேரும் புடிக்கலாம், அநியாயம்னு தோணுனாலும் ரெண்டும் தனித்தனி சார்ஜ். ஆனா லோன் பேப்பர்ல எழுதியிருக்கற அளவுதான் புடிக்க முடியும், அந்த அபராதத்தை அசலோட சேர்த்து அதுக்கு வட்டி போடக் கூடாது, 2024 ஏப்ரல்ல இருந்து ரிசர்வ் பேங்க் விதி. கேஸ் வருமான்னா, சட்டப்படி வரும், ஆட்டோ டெபிட் பணம் இல்லாம திரும்புனாலும் 2007 பேமென்ட் சட்டத்துல 25வது பிரிவுல இதே ரெண்டு வருஷம், ரெண்டு மடங்குதான். அங்கயும் நோட்டீஸ், 15 நாள் எல்லாம் உண்டு, போன்ல மிரட்டறது நோட்டீஸ் இல்லை. ஈஎம்ஐ கட்டுங்க, கிரெடிட் ஸ்கோர் அடிவாங்கறதுதான் உங்களுக்கு உண்மையான நஷ்டம்.

வெள்ளிக்கிழமை காலையில வீட்டு ஓனருக்கு செக் குடுத்தேன், செக் பாஸ் ஆக ரெண்டு நாள் ஆகும், திங்கக்கிழமை சம்பளம் வந்துடும்னு நினைச்சு. அன்னைக்கு சாயங்காலமே பவுன்ஸ்னு மெசேஜ். இவ்வளவு ஃபாஸ்டா எப்படி?
(வாசகர், டோம்பிவிலி)

2025 அக்டோபர் 4ல இருந்து கிளியரிங் மாறிடுச்சு, கவனிக்காம விட்டுட்டீங்க. முன்னாடி எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து அனுப்புவாங்க, இப்ப காலையில 9ல இருந்து மத்தியானம் 3 வரைக்கும் வர வர ஸ்கேன் பண்ணி அனுப்பிக்கிட்டே இருக்காங்க, உங்க பேங்க் சாயங்காலம் 7க்குள்ள உண்டு இல்லைன்னு சொல்லியாகணும். கையில காசு வர்றதுக்கு முன்னாடி செக்கை குடுத்துட்டு கிளியரிங் தாமதத்தை நம்பிக் காலம் தள்ளுனது ஊர்ல பாதிப் பேர், அந்த வித்தை இனிமே செல்லாது. ஓனருக்கு ஒரு போன் போட்டு நீங்களே சொல்லிட்டு, சம்பளம் வந்ததும் நெஃப்ட்ல அனுப்பிடுங்க, சேவிங்ஸ் அக்கவுன்ட்ல இருந்து ஆன்லைன்ல அனுப்புனா சார்ஜ் கிடையாது. அவர் செக்தான் வேணும்னு அடம் புடிச்சா, திங்கக்கிழமை சம்பளம்னா திங்கக்கிழமை தேதி போடாதீங்க, ஆபீஸ்ல சாயங்காலம் ஏத்துவாங்க, செக் காலையிலயே போய் நிக்கும். செவ்வாய்க்கிழமை தேதி போடுங்க. செவ்வாய் ஆகாதுன்னு ஓனர் சொன்னா புதன்.